மலை பிடித்த பெயர்

நெடுங்கவியில் வீட்டுக்கு வெளியே வைத்து யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். முற்றத்தில் பேரிக்காய் மரம் நிற்கிற வீட்டுக்காரி பேரிக்கா வீட்டக்கா, டீக்கடை வைத்திருப்பவர் மாஸ்டர், பூண்டுக் காட்டில் தூரத்தில் நிற்கிற ஆளைக் கூப்பிட வேண்டுமானால் மண்வெட்டியைக் கல்லால் தட்டுவார்கள், ஆளுக்கொரு தட்டு உண்டு, தனக்கான தட்டு எது என்று நடை பழகாத பிள்ளைக்கும் தெரியும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் சோலைக்காடு மூடிய எதிர்மலை இருக்கிறது. இந்தப் பக்கம் எழும் சத்தத்தையெல்லாம் அது திருப்பிச் சொல்லும், ஆனால் எழுப்பியவரின் குரலில் சொல்லாது, தனக்குள் போனவர்களின் குரலில்தான் சொல்லும், காலைப் பேருந்தின் ஹாரன்கூட அங்கிருந்து யாரோ ஒரு பெண் வாயைக் குவித்து ஊதியதுபோலத்தான் திரும்பி வரும், அதைக் கேட்டு மாஸ்டர், "எங்க சின்னம்மாவுக்கு இன்னைக்குச் சளி இல்ல" என்று சொல்லிக்கொண்டே பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவார்.

அந்த ஊருக்கு ஒரு தை மாதத்தில், அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம் பிறந்தநாள் கொண்டாட வந்தது. பிறந்தநாள் மங்கையர்க்கரசிக்கு, வயது ஐம்பது. அங்கன்வாடியில் சமைக்கிற அவளைப் பிள்ளைகள் ஆயாம்மா என்றும், சொந்தக்காரர்கள் மங்கா என்றும், கணவர் ஏ புள்ள என்றும் கூப்பிட்டார்கள், முழுப்பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. அதுவரை அவளுக்கு யாரும் பிறந்தநாள் கொண்டாடியதில்லை. அதை நினைத்து நினைத்து வருத்தப்பட்ட மகள் நளினி, சென்னையில் வேலைக்குப் போனதும் முதல் காரியமாக இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தாள், மகன் கோகுல் நண்பனிடம் கார் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தான். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அப்பா வீரபத்திரனுக்குக் காது கேட்காது. மீசை முளைப்பதற்கு முன்பே விசைத்தறிக் கூடத்துக்குள் போனவர், தறிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்று, இப்போது இடி இடித்தால் நெஞ்சில் அதிர்வதை வைத்துத்தான் தெரிந்துகொள்வார். தறிக்கூடத்தில் பேசிக்கொள்வதுபோல வீட்டில் எல்லோரும் சத்தமில்லாமல் உதட்டை அகலமாக அசைத்துத்தான் அவரிடம் பேசுவார்கள். வழிநெடுக மூன்று பேர் பேசிக்கொண்டு வர, அவர் கண்ணாடியில் அவர்கள் உதடுகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்.

மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருந்த பேரிக்கா வீட்டக்கா, போர்வைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள். "வெந்நீர் வேணும்னா காலையில சொல்லுங்க. சாப்பாடு நானே செஞ்சு தர்றேன். ஒண்ணே ஒண்ணு, வெளிய நின்னு யாரு பேரையும் சத்தமாச் சொல்லிறாதீங்க. வீட்டுக்குள்ள சொல்லிக்கலாம்."

"ஏன்க்கா?" என்றான் கோகுல்.

"மலை பிடிச்சுக்கும்."

அட்டை கடிக்கும், பார்த்து நடங்க என்பதுபோல அவள் சொன்னதால் அவர்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சத்தம் கேட்டால் யானை வரும்போல என்று நளினி நினைத்தாள்.

மறுநாள் காலை பனி விலகி, வெயில் பூண்டுக் காட்டில் விழுந்ததும், வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்த பாறையில் வைத்து கேக் வெட்டினார்கள். மலையடிவாரத்து பேக்கரியில் வாங்கிய கேக், வளைவுகளில் உருண்டு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மங்கையர்க்கரசி கடுகு நிறத்தில் புதுச்சேலை கட்டியிருந்தாள், கேக்கை எப்படி வெட்டுவது என்று தெரியாமல் கத்தியை அரிவாள்மனைபோலப் பார்த்தாள், முதல் துண்டைக் கணவருக்கு ஊட்டிவிட்டு வெட்கப்பட்டாள். அந்த வெட்கத்தைப் பார்த்ததும் நளினிக்குத் தாங்கவில்லை. அக்கா சொன்னது மறந்துபோக, பாறையின் நுனிக்குப் போய், இரண்டு கைகளையும் வாயில் குவித்து, "மங்கையர்க்கரசிக்கு ஐம்பது" என்று மலை அதிரக் கத்தினாள்.

"க்கு ஐம்பது" என்றது எதிர்மலை, ஒரு வாலிபனின் குரலில். பிறகு கொஞ்சம் தாழ்ந்து, "ஐம்பது" என்றது. பெயர் வரவில்லை.

"மலைக்கு உன் பேரு வாயில நுழையல போலம்மா" என்று கோகுல் சிரித்தான், எல்லோரும் சிரித்தார்கள். கீழே பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி குனிந்து கல்லை எடுத்து மண்வெட்டியைத் தட்டினாள், அடுத்த காட்டில் இன்னொருத்தி தட்டினாள், அந்தத் தட்டு காடு காடாக ஏறி ஊருக்குள் போய்ச் சேர்ந்தது.

அவர்கள் பாறையிலிருந்து இறங்கி வருவதற்குள் வீட்டுமுன் கூட்டம் கூடியிருந்தது. யாரும் அழவில்லை, யாரும் திட்டவில்லை. ஒருத்தி அவித்த உருளைக்கிழங்கு கொண்டுவந்திருந்தாள், இன்னொருத்தி தன் வீட்டுக் கம்பளியை. தச்சர் ஒருவர் வந்து, வீட்டுக்காரியிடம்கூடக் கேட்காமல், அறைக்கதவின் உள்பக்கம் இருந்த தாழ்ப்பாளைக் கழற்றி வெளிப்பக்கம் பொருத்தினார். மாஸ்டர் கன்றுக்குட்டியின் கழுத்துமணியைக் கழுவித் துடைத்து எடுத்துவந்து மங்கையர்க்கரசியிடம் நீட்டினார். "கால்ல கட்டிக்கங்க தாயி. நடந்தா எங்களுக்குத் தெரியணும்."

என்ன ஏது என்று கோகுல் சத்தம்போட, பேரிக்கா வீட்டக்கா பொறுமையாகச் சொன்னாள். மலை எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிடும். எப்போதாவது ஒரு பெயரை மட்டும் தராமல் வைத்துக்கொள்ளும். வைத்துக்கொண்ட பெயரை அன்று முதல் விளக்கு வைக்கிற நேரத்தில் கூப்பிட ஆரம்பிக்கும். கூப்பிடப்பட்டவர் எழுந்து நடப்பார். போனவரை யாரும் பார்த்ததில்லை, குரலைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

"ஏன் அப்படி?" என்றாள் நளினி.

மழை ஏன் பெய்கிறது என்று கேட்டதுபோல எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

மங்கையர்க்கரசிதான் முதலில் நிதானத்துக்கு வந்தாள். வீட்டுக்கு வந்தவர்களை வெறும் கையோடு நிறுத்தி வைத்திருக்கிறோமே என்று கூச்சப்பட்டு, மிச்சமிருந்த கேக்கைத் துண்டு போட்டு, பேப்பரில் வைத்து ஆளுக்கொன்று கொடுத்தாள். அவளைப் பிடித்து நிறுத்த வந்தவர்கள் அவளுடைய பிறந்தநாள் கேக்கைத் தின்றுகொண்டே, யார் எந்தப் பக்கம் நிற்பது என்று பேசி வைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் பனி இறங்கியது. பேரிக்கா வீட்டு அடுப்படியில் மங்கையர்க்கரசி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்போது மலை அவளைக் கூப்பிட்டது. "மங்கையர்க்கரசி" என்று, ஒரு எழுத்தையும் விழுங்காமல், அவசரமே இல்லாமல், வாசலில் வந்து நிற்கிற சொந்தக்காரர் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டது. ஊர் முழுக்கத் தகரத்தையும் தட்டையும் அடிக்க ஆரம்பித்தார்கள், அத்தனை சத்தத்துக்குள்ளும் அந்தக் குரல் கொஞ்சமும் குறையாமல் தனியாகக் கேட்டது.

வீரபத்திரனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எல்லா முகங்களும் ஒரே பக்கம் திரும்புவதையும், பேரிக்காய் மரத்திலிருந்து குருவிகள் மொத்தமாக எழுவதையும், மனைவி தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பில்லாமல் பனிக்குள் இறங்கி நடப்பதையும் அவர் பார்த்தார். அவள் முகத்தில் பயம் இல்லை. கல்யாணமான புதிதில் அம்மா வீட்டுக்குப் பேருந்து ஏறும்போது அவளிடம் பார்த்த முகம் அது. அதைப் பார்த்ததும்தான் அவர் பயந்தார். ஓடிப்போய் இடுப்போடு சேர்த்துப் பிடித்தார், இரண்டு பக்கமும் பெண்கள் பிடித்தார்கள், காலில் கட்டியிருந்த மணி விடாமல் குலுங்கியது. இருட்டியதும் குரல் நின்றது. அவள் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்தாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்று நளினி கேட்டாள்.

"பயமே இல்லடி" என்றாள் மங்கையர்க்கரசி. "அதுதான் பயமா இருக்கு."

மறுநாள் ஊர்க்காரர்கள் சொல்லச் சொல்லக் கேட்காமல் கோகுல் எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். மலையை விட்டு இறங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று அவன் நம்பினான். மலை கண்ணுக்கு மறைந்து, புளியமரச் சாலையில் கார் வேகமெடுத்தபோது பொழுது சாய்ந்தது. குரல் வந்தது. தூரத்தால் அது தேயவில்லை, பின்சீட்டில் மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்து கூப்பிட்டதுபோலக் கேட்டது. நளினி கையைப் பிடிப்பதற்குள் மங்கையர்க்கரசி ஓடுகிற காரின் கதவைத் திறந்துவிட்டாள்.

முழங்கையிலும் முழங்காலிலும் தோல் உரிந்து, புதுச்சேலையில் தார் ஒட்டியிருந்தது. அந்த நிலையிலும் அவள் வந்த வழியே நடக்கத்தான் எழுந்தாள். மூன்று பேரும் சாலை ஓரத்தில் அவள்மேல் விழுந்து கிடந்தார்கள், தாண்டிப்போன லாரிக்காரர்கள் ஏதோ குடும்பச் சண்டை என்று ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். பிறகு கோகுல் அழுதுகொண்டே காரைத் திருப்பினான். உலகத்தில் அவளைப் பிடித்து வைக்கத் தெரிந்த ஊர் அது ஒன்றுதான் இருந்தது.

நெடுங்கவி அவர்களை எதுவும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது. பேரிக்கா வீட்டு அறையில் கம்பளிகள் மடித்தபடியே இருந்தன. ஒவ்வொரு சாயங்காலமும் பெண்கள் பூண்டு வாசனையோடு காட்டிலிருந்து நேராக வந்து, சேலை முந்தானையை மங்கையர்க்கரசியின் முந்தானையோடு முடிச்சுப்போட்டுக்கொண்டு, விலைவாசியும் மருமகள் கதையும் பேசிக்கொண்டே அந்த நேரத்தைக் கடத்திவிட்டு, முடிச்சை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் அதை வேலை என்றுகூடச் சொல்லவில்லை.

"எத்தனை நாளைக்கு இப்படி?" என்று நளினி ஒருநாள் பேரிக்கா வீட்டக்காவிடம் கேட்டாள்.

"சில பேருக்கு மாசக்கணக்கு. சில பேருக்கு வருசக்கணக்கு. பிடிச்சிருக்கிற கை அசர்ற வரைக்கும்."

"வேற வழியே இல்லையா?"

அக்கா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. ஆய்ந்துகொண்டே சொன்னாள். "முதல்ல என் பேரைத்தான் பிடிச்சுது. என் தம்பி அந்தப் பாறையில போய் நின்னு அவன் பேரைச் சொன்னான். அவன் பேரை வாங்கிக்கிட்டு என் பேரை விட்டுருச்சு. அன்னைக்குச் சாயங்காலம் நான் அவனைப் பிடிச்சேன், பிடிச்சேன், கையில அவன் சட்டைதான் இருந்துச்சு. நீ ஐம்பதுன்னு கத்தினப்போ பதில் சொன்னது அவன்தான்." கீரைக்காம்பை ஒடித்துப் போட்டாள். "உங்கிட்ட இதைச் சொல்லியிருக்கக் கூடாது."

நளினி எழுந்து முகம் கழுவினாள். தலையைச் சீவி, நல்ல சுடிதார் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அம்மா படுத்திருந்த அறைக்குள் எட்டிப்பார்த்துவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் வீட்டின் பின்பக்கம் நடந்தாள். முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த வீரபத்திரன் அவள் போவதைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க முகங்களைப் பார்த்தே பேச்சைத் தெரிந்துகொண்ட மனிதருக்கு, மகளின் முகத்தில் எழுதியிருந்ததைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விறகைப் போட்டுவிட்டு ஓடினார்.

பாறையின் நுனியில் அவள் கைகளை வாயில் குவித்தபோது, பின்னாலிருந்து அவர் தன் முரட்டுக் கையால் அவள் வாயைப் பொத்தினார். அவள் திமிறினாள். அவர் அவளைத் தனக்குப் பின்னால் இழுத்துத் தள்ளிவிட்டு, பள்ளத்தைப் பார்த்து நின்று, நாற்பது தறி ஓடுகிற கூடத்தில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கத்துகிற குரலில் தன் பெயரைச் சொன்னார்.

"வீரபத்திரன்."

அவருக்கு அது கேட்கவில்லை. தொண்டை நரம்பு அதிர்ந்ததை மட்டும் உணர்ந்தார். மலை என்ன சொன்னது என்று தெரிந்துகொள்ள மகளின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

நளினி காத்திருந்தாள். காற்று அடித்தது, கீழே ஓடை ஓடியது. எதிர்மலையிலிருந்து எதுவும் வரவில்லை. அவள் மெல்லத் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். அவர் சரி என்பதுபோலத் தலையசைத்துவிட்டு, அவள் தோளில் கைவைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

அன்று சாயங்காலம் பெண்கள் வழக்கம்போல வந்து முந்தானையை முடிந்துகொண்டார்கள். மலை கூப்பிட்டது. "வீரபத்திரன்." முடிச்சுகள் தாமாகவே தளர்ந்தன, ஏனென்றால் மங்கையர்க்கரசி அசையவில்லை. அவள் கண் அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து உப்புமா தின்றுகொண்டிருந்த கணவரிடம் போனது, அங்கிருந்து மகளிடம் போனது, அவளுக்குப் புரிந்தது. வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். மாஸ்டரும் தச்சரும் பாய்ந்துபோய் அவர் தோள்களைப் பிடித்தார்கள். அவர் நிமிர்ந்து பார்த்து, தட்டை அவர்கள் பக்கம் நீட்டி, "நீங்களும் சாப்பிடுங்க" என்றார்.

மலை மறுபடி மறுபடி கூப்பிட்டது. அவர் சட்னியை வழித்துத் தின்றார். இப்படி ஒன்றை நெடுங்கவி பார்த்ததில்லை. "கேக்காத ஆளை அது என்ன செய்யும்?" என்று மாஸ்டர் ரகசியமாகச் சொன்னார், யாரோ சிரித்தார்கள், சிரித்தவர் உடனே வாயைப் பொத்திக்கொண்டார். இருட்டும்வரை ஒருவரும் அவர் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

சில நாட்களில் அவர்கள் அருப்புக்கோட்டைக்கு வந்துசேர்ந்தார்கள், குரலும் வந்துசேர்ந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் தெரு முழுக்கக் கேட்கும்படி அது வீரபத்திரனைக் கூப்பிட்டது. முதல் வாரம் தெரு நடுங்கியது, பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்தது, கோயிலில் பூசை போட்டது. அப்புறம் பழகிக்கொண்டது. அந்த நேரத்தில் ஒரு வீட்டிலும் தறியை நிறுத்துவதில்லை என்று பேசி முடிவுசெய்தார்கள், டிவியில் சீரியலைக் கூட்டி வைத்தார்கள், பெட்டிக்கடைக்காரர் பக்திப்பாட்டைப் போட்டார், அதே பெயரில் அடுத்த சந்தில் இருந்த தரகர் தன் பெயரை மாற்றிக்கொண்டு கெசட்டில் விளம்பரமும் கொடுத்தார். பெண் பார்க்க வருகிறவர்களை அந்த நேரத்துக்கு முன்பே அனுப்பிவைத்தார்கள். இலவசக் காது பரிசோதனை முகாம் என்று மைக் கட்டிக்கொண்டு வந்த ஆட்டோவைத் தெருமுனையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

மங்கையர்க்கரசிக்கு மட்டும் பழகவில்லை. கணவருக்கு ஒரு சொல்லாவது கேட்காதா என்று எத்தனையோ வருடம் ஏங்கியவள் அவள். இப்போது ஒவ்வொரு காலையும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டாள், அவர் திரும்பாமல் பேப்பர் படிப்பதைப் பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தாள். சாயங்காலம் வாசல்படியில் அவருக்குக் குறுக்கே உட்கார்ந்து, அந்தக் குரலைக் கடைசிவரை கேட்டாள். அது எப்படி இழுக்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் மின்சாரம் போனது. தறிகள் நின்றன, டிவிகள் நின்றன, பாட்டு நின்றது, மழையும் அந்த நேரம் பார்த்து ஓய்ந்தது. மங்கையர்க்கரசி விளக்குத் தேடி உள்ளே போயிருந்தாள். அந்த அமைதிக்குள் மலை கூப்பிட்டது.

விளக்கோடு அவள் திரும்பி வந்தபோது வீரபத்திரன் பேப்பரை மடித்து வைத்திருந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோ கூப்பிடுறாங்க" என்றார்.

எழுந்து, காலால் செருப்பைத் துழாவினார். முகத்தில் பயம் இல்லை. படியிறங்கித் தெருவில் கால் வைத்தார். ஓடிப்போய்ப் பிடிக்க அவள் உடம்பு எழவில்லை, கை விளக்கை விடவில்லை. அவர் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது, அவள் உதடுகளை அவர் பார்க்க வழியில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து ஒருதடவைகூட வாயால் சொல்லாத பெயரை, ரேஷன் கடையில்கூட மகனை விட்டுச் சொல்லச் சொன்ன பெயரை, அவள் அடிவயிற்றிலிருந்து எடுத்துத் தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள்.

"வீரபத்திரன்."

மேற்கிலிருந்தும் அதே பெயர் வந்தது. அவர் நின்றார். ஒரு கால் முன்னால் இருந்தது. வீட்டுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து இருட்டில் நின்றார்கள். அவள் மறுபடி கூப்பிட்டாள், அதுவும் மறுபடி கூப்பிட்டது, எத்தனை தடவை என்று யாருக்கும் தெரியாது, கடைசியில் அவர் தூக்கத்திலிருந்து விழித்தவர்போல மெல்லத் திரும்பி, விளக்கு வெளிச்சத்தில் நின்ற அவளைப் பார்த்து, "என்ன புள்ள" என்றார்.

அன்றிலிருந்து விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தத் தெருவில் ஒரே பெயரை இரண்டு குரல்கள் கூப்பிடுகின்றன. அவள் குரல் கேட்க வேண்டும் என்பதற்காக இப்போதெல்லாம் தறிகளை நிறுத்திவிடுகிறார்கள், டிவியை அணைத்துவிடுகிறார்கள், கைக்குழந்தைக்காரிகள் குழந்தையின் வாயில் மார்பைக் கொடுத்து அழுகையை அடக்குகிறார்கள், அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று ஒவ்வொரு வாசலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இதுவரை அவள் பக்கம்தான் திரும்பியிருக்கிறார்.